பெயரை மறைத்தாலும் ஆள் தெரிகிறது: சமூக ஊடகத் தனியுரிமை பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

எஸ்பிஎம் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் முகநூலைத் திறந்தால் முடிவுத் தாள்களின் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளை எடுத்த ஏ-க்களைப் பார்த்துப் பூரித்துப்போன அம்மா, அப்பா, சித்தப்பா, தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த பழைய ஆசிரியர் என ஆளாளுக்குப் பகிர்வார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால், அந்தத் தாளில் பாடங்களின் நிலை மட்டும் இல்லை. மாணவரின் முழுப்பெயர், பள்ளி, அடையாள அட்டை எண் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. சிலர் எண்ணின்மேல் விரலை வைத்து மறைத்துப் படமெடுக்கிறார்கள். பலர் அதுவும் செய்வதில்லை.

சரி, எண்ணை மறைத்துவிட்டால் போதுமா? நம் மைகார்டு எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடத்துக்கான குறியீடு. பேராக் என்றால் 08, சிலாங்கூர் என்றால் 10 என்பதுபோல. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். மகளின் பிறந்தநாள் கேக் படம் முகநூலில் இருக்கிறது. சொந்த ஊர் சித்தியவான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். முதல் எட்டு இலக்கங்களும் அங்கேயே கிடைத்துவிட்டன. மீதமுள்ள நான்கில் கடைசி இலக்கம் பாதி தெரிந்ததுதான். கணக்குப் போட்டால் மிஞ்சுவது 5,000 வாய்ப்புகள். மனிதருக்கு அது பெரிய எண். கணினிக்குப் பெரிய வேலையே இல்லை.

அமெரிக்காவில் இதே கேள்வியை ஆய்வாகவே எடுத்துச் செய்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ அக்குவிஸ்டியும் ரால்ஃப் குரோசும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை அது. அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு எண்ணில் பிறந்த தேதி நம் எண்ணைப்போல் வெளிப்படையாக இருக்காது. இருந்தும், பிறந்த தேதியும் மாநிலமும் தெரிந்தால், 1989-க்குப் பின் பிறந்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கு ஒன்பது இலக்கங்களில் முதல் ஐந்தை ஒரே முயற்சியில் சொல்லிவிட முடிந்தது. அந்த இரண்டு விவரங்களும் சமூக வலைத்தளப் பக்கங்களிலேயே கிடைத்தன. 2011 ஜூனிலிருந்து அமெரிக்கா, மாநிலத்தோடு தொடர்பில்லாத எண்களை வழங்கும் முறைக்கு மாறியது. நம் எண்ணோ இன்னும் பிறந்தநாளோடுதான் தொடங்குகிறது.

சமூக ஊடகத் தனியுரிமையைப் பற்றிய ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் போன வழியை இந்த ஒரு எண்ணை வைத்தே புரிந்துகொள்ளலாம். நாம் எதை வெளியே சொல்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில் தொடங்கினார்கள். சொன்னதிலிருந்து சொல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்ற கேள்விக்கு நகர்ந்தார்கள். இப்போது, நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்வதிலிருந்து என்னென்ன தெரியவரும் என்ற இடத்தில் நிற்கிறார்கள். நம் குடும்பங்களுக்கு மிக அருகில் இருப்பது இந்தக் கடைசிக் கேள்விதான்.

எண்ணிப் பார்த்த காலம்

2005-இல் முகநூல் இன்னும் கல்லூரி மாணவர்களுக்கான தளமாக இருந்தது. அக்குவிஸ்டியும் குரோசும் தங்கள் பல்கலைக்கழகத்தின் 4,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை ஆராய்ந்தார்கள். சுமார் 88 விழுக்காட்டினர் பிறந்த தேதியையும், சுமார் 40 விழுக்காட்டினர் தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தார்கள். யார் பார்க்கலாம் என்ற அமைப்பை மாற்றியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே.

இதே குழு அந்தப் பல்கலைக்கழகப் பயனர்கள் 5,000-க்கும் மேற்பட்டோரை 2005 முதல் 2011 வரை தொடர்ந்து கவனித்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண்டுகள் போகப் போக மாணவர்கள் உஷாராகி, முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டுவதைக் குறைத்திருந்தார்கள். அதே சமயம், 'நண்பர்களுக்கு மட்டும்' என்று போட்டுப் பகிர்ந்தவை கூடியிருந்தன. அதை நண்பர்கள் மட்டுமா பார்க்கிறார்கள்? தளத்தை நடத்தும் நிறுவனமும், இணைத்த செயலிகளும், விளம்பரதாரர்களும் கூடவே இருக்கிறார்கள். அவர்களை ஓசையின்றிக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருப்பவரை மறந்துவிட்ட கதை.

அந்தக் காலத்தில் 'தனியுரிமை முரண்' என்ற சொல் பெரிதாக அடிபட்டது. கேட்டால் கவலைப்படுவதாகச் சொல்லும் மக்கள், கையில் திறன்பேசி வந்ததும் எல்லாவற்றையும் பகிர்கிறார்களே என்ற வியப்பு. பல பேராசிரியர்கள் இதை மக்களின் அலட்சியமாகவே எழுதினார்கள். அது பாதி நியாயமும் இல்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இயங்கலையில் ஓராண்டில் எதிர்ப்படும் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் ஓர் அமெரிக்கர் உண்மையிலேயே படிப்பதென்றால் 200 மணி நேரத்துக்குமேல் ஆகும் என்று 2008-இல் மெக்டொனால்டும் கிரானரும் கணக்கிட்டார்கள். ஓபாரும் ஓல்டார்ஃப்-ஹிர்ஷும் இல்லாத ஒரு சமூகத் தளத்தை உருவாக்கி, 543 பேரைச் சேரச் சொன்னார்கள். 74 விழுக்காட்டினர் கொள்கையைப் பார்க்காமலேயே தாண்டிப் போனார்கள். கட்டணமாக உங்கள் தலைப்பிள்ளையைத் தர வேண்டும் என்ற விதியைக்கூட அதில் எழுதி வைத்திருந்தார்கள்; 98 விழுக்காட்டினர் அதைக் கவனிக்கவில்லை.

2019-இல் டிரேப்பரும் டூரோவும் இதற்கு வேறு பெயர் வைத்தார்கள்: மனம் சலித்து விட்டுக்கொடுத்தல். மக்களுக்கு அக்கறை இருக்கிறது. என்ன செய்தாலும் பயனில்லை என்று தோன்றும்படி நிறுவனங்களே வைத்திருக்கின்றன என்பது அவர்கள் வாதம். "எப்படியும் நம்ம நம்பர் எல்லார்கிட்டயும் இருக்கு, இனி என்ன?" என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அந்தப் பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. 2017-இல் மலேசியக் கைப்பேசி நிறுவனங்களிலிருந்து கசிந்த பதிவுகள் 4 கோடியே 62 லட்சம். அன்றைய மக்கள்தொகையைவிட அதிகம்.

சொல்லாததும் தெரியவரும்

பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் லட்டான்யா ஸ்வீனி. 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் இல்லாமல் ஆய்வுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். மாநில ஆளுநரின் பிறந்த தேதியில் அந்நகரில் ஆறு பேர் இருந்தனர். அவர்களில் மூவர் ஆண்கள். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்பது தெரிந்துபோனது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் இருந்தாலே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனியே பிரித்துவிடலாம் என்று 2000-இல் அவர் எழுதினார்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நெடுநல்வாடை நினைவுக்கு வரும். அகப்பாட்டில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையிலும் பெயர் இல்லை. ஆனால் வேலில் சூடிய வேம்பு சொல்லப்படுகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் ஆள் தெரிந்துவிடுகிறது, ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். ஸ்வீனி செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான்.

சமூக ஊடகத்தில் வேம்புகள் ஏராளம். சென்னை ஐஐடி-யில் படித்த அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து 2009-இல் ஒன்றைக் காட்டினார். பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, யாருக்கு யார் நண்பர் என்ற வலைப்பின்னலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால்கூட, டுவிட்டர், ஃபிளிக்கர் இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அடையாளம் காண முடிந்தது. 2013-இல் கொசின்ஸ்கி குழு 58,000 தன்னார்வலர்களின் முகநூல் 'லைக்'குகளை ஆராய்ந்தது. லைக் மட்டுமே, எழுத்து இல்லை, படம் இல்லை. அமெரிக்காவில் ஒருவர் எந்தக் கட்சி ஆதரவாளர் என்பதை 85 விழுக்காடும், கறுப்பினத்தவரா வெள்ளையரா என்பதை 95 விழுக்காடும் சரியாகப் பிரிக்க முடிந்தது. அடுத்த ஆய்வு 2015-இல் வந்தது. ஒருவருடைய குணத்தைக் கணிப்பதில் 10 லைக் இருந்தால் கணினி உடன் வேலை செய்பவரை மிஞ்சியது. 70 இருந்தால் நண்பரை. 150 இருந்தால் வீட்டாரை. 300 இருந்தால் கணவன் அல்லது மனைவியை.

இந்த வேலைக்கு அன்று தேர்ந்த நிபுணர்கள் வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் செய்துவிடுகின்றன. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ரெடிட் தளத்தில் எழுதுபவர்களின் சாதாரணப் பதிவுகளை இத்தகைய மொழி மாதிரிகளிடம் கொடுத்து, எழுதியவரின் ஊர், வயது, வருமானம் போன்றவற்றைக் கேட்டார்கள். சிறந்த மாதிரி 85 விழுக்காடுவரை சரியாகச் சொன்னது. போக்குவரத்து விளக்கில் ஒரு விசித்திரமான முறையில் திரும்பக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டால், அது மெல்பர்னில் வழக்கமான முறை என்று அறிந்து ஊரைச் சொல்லிவிடும். நம் ஊர்க் கணக்கில், "தண்ணீர்மலைக் கூட்டத்துல மாட்டி வேலைக்கு லேட்டு" என்று ஒரு வரி போதும். பினாங்கு என்பதும் தைப்பூச நேரம் என்பதும் தெரிந்துவிடும்.

நாம் பேசாவிட்டாலும் உறவினர் பேசுவார்

என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. 2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். முகநூலில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியைச் சுமார் 2,70,000 பேர் பயன்படுத்தினார்கள். அந்தச் செயலி அவர்களுடைய நண்பர்களின் தகவலையும் அள்ளியது. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை என்று முகநூலே அறிவித்தது. சிங்கப்பூரில் மட்டும் சுமார் 65,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தேர்வையும் எழுதவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. நண்பர் அழுத்தினார். அவ்வளவுதான். அமெரிக்க வாணிப ஆணையம் 2019-இல் முகநூலுக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

2019-இல் பாக்ரோ, லியு, மிட்செல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. டுவிட்டரில் சுமார் 14,000 பேரின் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பார்த்தார்கள். ஒருவர் அடுத்து என்ன எழுதுவார் என்று அவருடைய பழைய பதிவுகளைக் கொண்டு கணிப்பதில் எவ்வளவு துல்லியம் கிடைக்குமோ, அதில் 95 விழுக்காட்டை, அவரைத் தொடவே தொடாமல், நெருங்கிய எட்டு ஒன்பது பேரின் பதிவுகளிலிருந்தே பெற முடியும் என்று தெரிந்தது. கணக்கை மூடிவிட்டுப் போனாலும் நம் நிழல் அங்கே இருக்கிறது.

கணக்கே திறக்காதவர் கதி? டேவிட் கார்சியா 2017-இல் இதற்கு ஃபிரெண்ட்ஸ்டர் தளத்தின் பழைய தரவை எடுத்தார். 2000-களில் இங்கே கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. 2009-இல் அதை வாங்கியதும் மலேசிய நிறுவனமான எம்ஓஎல்தான். சேர்ந்தவர்கள் தங்கள் தொடர்புப் பட்டியலைத் தளத்துக்குக் கொடுக்கும்போது, சேராதவர்களைப் பற்றிய அந்தரங்க விவரங்களையும் கணிக்க முடியும் என்று அவர் காட்டினார். பாட்டியிடம் திறன்பேசி இல்லை என்பதால் பாட்டியைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று நினைக்க முடியாது. பேரப்பிள்ளைகளின் ஆறு கைப்பேசிகளில் பாட்டி இருக்கிறார்.

டானா பாய்ட், ஆலிஸ் மார்விக் இருவரும் இதனால்தான் தனியுரிமையைத் தனி ஒருவர் சொத்தாகப் பார்ப்பதை விட்டு, வலைப்பின்னலின் விஷயமாகப் பார்க்க வேண்டும் என்று 2014-இல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2004-இல், ஹெலன் நிசென்பாம் முன்வைத்த கருத்து ஒன்று இன்றுவரை இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படுகிறது. ஒரு தகவல் இரகசியமா இல்லையா என்பதைவிட, அது எந்தச் சூழலில் யாரிடம் சொல்லப்பட்டது, அந்தச் சூழலின் வழக்கப்படிதான் நகர்கிறதா என்பதே கேள்வி என்றார் அவர்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எதை எங்கே பேசலாம் என்ற வரம்பு இருந்தது. கோயில் அறிவிப்புப் பலகையில் உபயக்காரரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருப்பதில் தவறில்லை. அங்கே வருபவர் உள்ளூர்க்காரர். அதையே படமெடுத்துக் கோயிலின் பொது முகநூல் பக்கத்தில் போட்டால், நன்கொடை கொடுக்க வசதியுள்ளவர்களின் பட்டியல் மோசடிக் கும்பலின் கைக்குப் போகிறது. மரண அறிவிப்பும் அப்படித்தான். வீட்டு முகவரி, பூதவுடல் எடுக்கப்படும் நேரம், மகனின் எண் எல்லாம் உறவினருக்குத் தேவை. பொதுவெளிக்கு வந்தால், எந்த வீடு எத்தனை மணிக்குக் காலியாக இருக்கும் என்ற குறிப்பாகிவிடுகிறது. புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது. குழுவில் உள்ள 200 பேரில் ஒருவர் திரையைப் படமெடுத்து வெளியே அனுப்பினால் அந்தப் பூட்டுக்கு வேலை இல்லை.

ஒரு கைப்பேசி, நான்கு பேர்

இவ்வளவு ஆய்வுகளிலும் ஒரு குறை இருந்தது. பெரும்பாலானவை ஓர் ஆளுக்கு ஒரு கருவி, ஒரு கணக்கு என்று எடுத்துக்கொண்டவை. பேராசிரியர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்களும் அவர்களுடைய மாணவர்களே. அதைச் சரிசெய்யும் போக்கு பத்து ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. நித்யா சம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 199 பெண்களிடம் பேசி 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே கைப்பேசி வீட்டுச் சொத்து. கணவர் எடுப்பார், மாமியார் கேட்பார், பிள்ளை விளையாடும். கொடுக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். எனவே அவர்கள் மறுப்பதில்லை. கொடுப்பதற்குமுன் ஒரு செய்தியை மட்டும் அழிக்கிறார்கள், ஒரு செயலிக்கு மட்டும் பூட்டு வைக்கிறார்கள், சிலவற்றைக் கைப்பேசியில் செய்யாமலே விடுகிறார்கள். தனியுரிமை எனக்கானதல்ல, பணக்காரப் பெண்களுக்கானது என்று பொருள்படும் ஒரு கூற்றே அந்த ஆய்வுக்குத் தலைப்பானது.

சென்னைக்கு வெளியே ஒரு பகுதியில் 15 மாதம் தங்கி ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய நூல் 2017-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பதிப்பகத்தில் வெளிவந்தது. தமிழ்க் குடும்பங்களுக்குள் சமூக ஊடகம் எப்படிப் புழங்குகிறது என்பதை உள்ளிருந்து பார்த்த நூல் அது. நம் தோட்டப்புறங்களிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் இப்படி யாராவது ஓராண்டு உட்கார்ந்து கேட்டால், அப்பாவின் கணக்கைக் கைப்பேசிக் கடைக்காரர் திறந்து கொடுத்த கதையும், கடவுச்சொல் அவருக்கே தெரியாத கதையும் வெளியே வரும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் முதுகலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வாளர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். 2012-இல் முகநூல் 6,89,003 பேரின் பக்கத்தில் வரும் பதிவுகளைக் கூட்டிக் குறைத்து அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று பார்த்தது. 2014-இல் கட்டுரை வெளியானபோதுதான் விஷயம் உலகுக்குத் தெரிந்தது. அனுமதி கேட்காத அந்தச் சோதனைக்குப் பின் ஆய்வு நெறிமுறை பற்றிய பேச்சு வலுத்தது. இப்போது நிலைமை மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. டுவிட்டர் 2023-இல் ஆய்வாளர்களுக்கான இலவசத் தரவு வழியை அடைத்தது. மெட்டா நிறுவனம் கிரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. தனியுரிமையைக் காக்கிறோம் என்ற பெயரில், தங்களைக் கண்காணிப்பவர்களை நிறுவனங்கள் வெளியே தள்ளுகின்றன என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும், தகுதி பெற்ற ஆய்வாளர்களுக்குப் பெரிய தளங்கள் தரவு கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

நம் சட்டம் எதுவரை வரும்?

மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 2024-இல் திருத்தப்பட்டு, 2025-இல் கட்டம் கட்டமாக அமலானது. கொள்கைகளை மீறும் நிறுவனத்துக்கு உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. சிறைத் தண்டனையின் உச்சவரம்பு மூன்றாண்டு. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு கடையோ நிறுவனமோ உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், விளம்பர அழைப்புகளை நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்து மூலம் கேளுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

ஆனால் இந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. சொந்த, குடும்ப, வீட்டு விவகாரங்களுக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கும் விலக்கு உண்டு. அதாவது, ஆய்வுகள் இன்று சுட்டிக்காட்டும் அந்த இடம், மாமா உங்கள் மகளின் முடிவுத் தாளைக் குடும்பக் குழுவில் போடும் இடம், சட்டத்தின் கைக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஆணையரிடம் போக முடியாது. மாமாவிடம்தான் சொல்ல வேண்டும். பாடங்களின் நிலை தெரியும் பகுதியை மட்டும் வெட்டிப் போடச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பிறந்த ஆண்டை முகநூலில் மறைத்து, நாளையும் மாதத்தையும் மட்டும் விட்டாலும் வாழ்த்து வந்து சேரும். போலி அழைப்பில் ஏமாந்து பணம் போய்விட்டால், தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க முயல்வார்கள் என்பதால், வீட்டில் பெரியவர்களின் கைப்பேசியில் இந்த எண்ணைப் பெயரோடு சேமித்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.